கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மான்

நார்வேயின் டோவ்ரே மலைப்பகுதியில் காட்டுத் துருவ மான்கள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே 2011இல் அங்கே ஒரு சின்ன மண்டபம் கட்டி முடித்தார்கள். வடிவமைத்தது ஸ்னோஹெட்டா என்ற நிறுவனம். எதிரே தெரிகிற சிகரத்தின் பெயரும் அதுதான்!

காரை மண்டபத்து வாசல்வரை கொண்டுபோக முடியாது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். எனக்குப் பிடித்ததே அதுதான். மலைக்காற்று முகத்தில் அடிக்க, மூச்சு வாங்கியபடி வருகிறவருக்குத்தானே கணப்பின் அருமை தெரியும்?

வெளியிலிருந்து பார்த்தால் துருவேறிய இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். விஷயம் உள்ளே இருக்கிறது. கனத்த பைன் மரக்கட்டைகளைக் கணினி அளவுப்படி இழைத்து, காற்றும் நீரும் அரித்த பாறைபோல வளைத்திருக்கிறார்கள். செய்தவர்கள் கப்பல் கட்டும் தச்சர்கள். கட்டைகளை இணைக்க மர ஆணிகள்தான். அந்த வளைவுகளிலேயே உட்காரலாம், சாயலாம். எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. ஓரமாகக் கணப்பு எரிகிறது.

மான் கட்டாயம் வரும் என்று யாரும் உறுதி தருவதில்லை. அந்தப் பக்கம் போகிற நேயர்கள் ஒரு பைனாகுலரை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மான் வந்தாலும் தூரத்தில்தான் மேயும்.