மலை நீரும் துறைமுகமும்

(கள்ளக்குறிச்சியில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வராயன் மலையிற் பெய்யும் மழை எங்கே போகின்றது என்று நம் சிறுவரைக் கேட்டால், கோமுகி அணைக்கு என்பர். அணை கடந்த நீர் மணிமுத்தாற்றிற் கலந்து, பின் வெள்ளாற்றோடு கூடிப் பரங்கிப்பேட்டையிற் கடலை அடைகின்றது. அச்சிற்றூரின் சரித்திரத்தையே இன்று யாம் பேச எடுத்துக்கொண்டோம்.

போர்த்துகீசியர் அதனைப் போர்ட்டோ நோவோ என்றனர். டச்சுக்காரர் அங்கே பண்டகசாலை வைத்தனர். மரக்காயரின் கப்பல்கள் துணி ஏற்றி அச்சே, மலாக்கா வரை சென்றன. 1781-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும்போர் நிகழ்ந்ததும் அவ்வூரருகிலேதான்.

1830-ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர், கும்பெனி உத்தியோகத்தை விட்டு, ஆங்கே இரும்பு உருக்காலை நிறுவினார். சேலம் மலைகளின் இரும்புக்கல் ஆற்று வழியே பரிசல்களில் வந்தது. உருக்கிய இரும்பு கப்பலேறி ஷெபீல்டு நகரம் சென்றது. 1850-ல் முடிந்த பிரிட்டானியா பாலத்திற்கும் அவ்விரும்பு பயன்பட்டதென எழுதியுள்ளனர்.

எனினும் ஆலை நிலைக்கவில்லை. உலைக்கு நிலக்கரி இல்லை, மரக்கரியே உணவு. அண்மையிலிருந்த காடு அழிய அழியக் கரி வெகு தூரத்திலிருந்து வரலாயிற்று, செலவும் ஏறிற்று. 1853-ல் புதுக் கம்பெனி ஏற்பட்டும் பயனில்லை. 1874-ல் அதுவும் கலைந்தது.

அன்பர்களே! இங்கே ஒன்று சிந்திப்போமாக. மரம் வெட்டியும் கல் சுமந்தும் கூலி பெற்றோர் நம் நாட்டார். உலையின் சூட்சுமம் அறிந்தோர் கடல் கடந்து வந்தோர். உலை அவிந்ததும் கூலியும் அவிந்தது. அறிவோ அவியவில்லை. எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு ஹீத் 1839-ல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு ஆலைகள் அம்முறையாற் செழித்தன. அவரோ வழக்காடியே மாண்டார். எனினும் கற்றறிந்த ஊர் வாழ்ந்தது. சுமந்து கொடுத்த ஊருக்குப் பழங்கதையே மிஞ்சியது.

சென்ற கூட்டத்தில் நமது சங்க நிதியைக் கலியாண மண்டபத்திற்குச் செலவிடுவதா, பிள்ளைகளின் தொழிற்கல்விக்குச் செலவிடுவதா என்று வாதம் எழுந்து, முடிவின்றிக் கலைந்தோம். மண்டபம் வேண்டாமென்று யாம் கூறவில்லை. அதை விரும்பும் பெரியோர் நம் நன்மையையே நாடுகின்றனர். ஆயினும் மண்டபம் சில ஆண்டுகள் பொறுக்கும். பதினேழு வயதுப் பிள்ளை பொறுக்கமாட்டான். அவன் தங்கைக்கும் அவ்வாறே. கட்டணம் கட்டும் மாதம் தவறினால், அவர்கள் சுமை தூக்கும் வரிசையிற் சேர்ந்துவிடுவர்.

2019-ல் நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. நாளை இங்கும் ஆலைகள் வரலாம். அவற்றின் வாயிலில் நம் மக்கள் நிற்பரோ, உள்ளே யந்திரத்தருகில் நிற்பரோ என்பது இவ்வாண்டு நாம் செய்யும் தீர்மானத்தைப் பொறுத்தது. மலை நீர் கடலுக்குப் போவதைத் தடுக்க இயலாது. போகுமுன் ஒரு வயலையேனும் அது நனைக்கட்டும்.