கடைக்காரரையும் கூப்பிடுங்கள்



பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கடையின் பூட்டை உடைத்துத் திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான நீதிமன்றத்தில் அவனுக்காக வக்கீல் பேசிவிடுவார். பொருளைப் பறிகொடுத்த கடைக்காரருக்கோ சாட்சிக் கூண்டு மட்டும்தான்.

நியூசிலாந்து 1989-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து இந்த முறையை மாற்றியது. அதற்குப் பின்னால் இருந்தது அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் ஆதங்கம். எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் அடைக்கிறீர்கள், குடும்பத்தை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'குடும்பக் குழுக் கூட்டம்'. கொலை வழக்குகள் இதில் சேராது.

கூட்டத்தில் பையனோடு பெற்றோர், பாட்டி, மாமன் எல்லோரும் உட்காருவார்கள். கடைக்காரரும் வரலாம். இளைஞர் பிரிவுக் காவலர் நடந்ததை வாசிப்பார். "நான் செய்யவில்லை" என்று பையன் மறுத்தால், உண்மையைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஒப்புக்கொண்டால், கடைக்காரர் தனக்கு நேர்ந்ததை அவன் முகத்துக்கு நேரே சொல்வார். பிறகு மற்றவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். குடும்பம் மட்டும் தனியாகப் பேசும். மன்னிப்பு எப்படிக் கேட்பது, நஷ்டஈட்டை எப்படிக் கட்டுவது, ஊருக்கு என்ன வேலை செய்து கொடுப்பது, பள்ளிக்கு அவனை யார் அனுப்பிவைப்பது என்று அவர்களே ஒரு திட்டம் போடுவார்கள். காவலரும் கடைக்காரரும் திரும்பி வந்து அதைக் கேட்டு, சரி என்றோ போதாது என்றோ சொல்லலாம்.

நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதானே என்று தோன்றும். இல்லை. இந்தக் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் தீர்ப்பு சொல்வதில்லை, தள்ளிவைப்பதும் இல்லை. நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு என்றால் திட்டத்துக்கு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். அதன்படி நடக்காவிட்டால் வழக்கு மறுபடி அவர் முன்னால் வரும்.

இதைச் செல்லம் கொடுப்பது என்று சொல்பவர்கள் அந்த அறையில் பையனின் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வக்கீலுக்குப் பின்னால் ஒளிவது சுலபம். பாட்டி பார்த்துக்கொண்டிருக்க, கடைக்காரருக்குப் பதில் சொல்வது சுலபமில்லை.

குறையும் உண்டு. கேப்ரியல் மேக்ஸ்வெல், அலிசன் மோரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் குறைவான கூட்டங்களுக்கே பாதிக்கப்பட்டவர்கள் வந்திருந்தார்கள். வர மனமில்லை என்றவர்கள் மிகச் சிலர். பலருக்கு அழைப்பே போகவில்லை, அல்லது குறித்த நேரம் ஒத்துவரவில்லை. இது சட்டத்தின் கோளாறு அல்ல, கூட்டம் கூட்டுபவர்களின் அலட்சியம். கூட்டத்துக்கு நாள் குறிக்கும் அதிகாரி முதலில் கேட்க வேண்டியது கடைக்காரரைத்தான்.