கொசு உள்ளானை அறிந்த கண்

கல்வராயன் மலைத் தண்ணீரைத் தேக்கும் நம் கோமுகி அணையில், பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக ஓரமெல்லாம் சேறு தெரிய ஆரம்பிக்கும். தை, மாசியில் அந்தச் சேற்றில் உள்ளான் பறவைகள் மேயும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பழுப்பும் வெள்ளையுமாக ஒரே சாயல். அவற்றில் எது எதுவென்று பிரித்தறிவது ஒரு கலை. கலையென்றே அதை இன்னும் நாம் மதிக்கவில்லை.

பொறி உள்ளானைப் பாருங்கள். முதுகு நிறையப் புள்ளிகள். வெளிர் புருவம் கண்ணைத் தாண்டியும் நீளும். கால் மஞ்சள் சாயல். அருகிலேயே மேயும் பச்சை உள்ளான் இன்னும் கருத்தது. அதன் புருவம் கண்ணோடு நின்றுவிடும். இரண்டுக்கும் வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை உண்டு. அதை மட்டும் நம்பியவர் ஏமாந்தார். எழுந்து பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்: கருப்பாகத் தெரிந்தால் பச்சை உள்ளான், வெளிறித் தெரிந்தால் பொறி உள்ளான்.

இத்தனை பாடும் சாதாரணப் பறவைக்குத்தானா என்பீர்கள். அபூர்வப் பறவையை அடையாளம் காணும் வழியே இதுதான். கரண்டிமூக்கு உள்ளான் கதையைக் கேளுங்கள். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிடும் பறவை அது. உலகத்தில் சில நூறுதான் மிச்சம். கோடியக்கரையில் அது குளிர்காலம் கழித்ததைப் பற்றி 1985-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் ஆர். சுகதன் எழுதினார்.

அதைக் கண்டுபிடிப்பது லேசில்லை. உருவத்தில் கிட்டத்தட்ட கொசு உள்ளான் என்ற இன்னொரு சேற்றுப் பறவை போலத்தான், கூட்டமும் அதோடுதான். நேர் எதிரே பார்த்தால்தான் மூக்கின் நுனி கரண்டியாக விரியும்; பக்கவாட்டில் சாதாரண மூக்கு. போதாக்குறைக்கு, நுனியில் சேறு அப்பிய கொசு உள்ளான் ஒன்று தானும் கரண்டிமூக்கு என்று வேஷம் போடும்! அப்போது கைகொடுப்பது மேய்ச்சல் முறை. கொசு உள்ளான் ஓடி ஓடிக் கொத்தும். கரண்டிமூக்கோ ஆழமில்லாத தண்ணீரில் மூக்கைப் பக்கவாட்டில் ஆட்டித் துழாவும். கொசு உள்ளான் கொத்துவதை அலுக்காமல் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அந்த ஆட்டம் உறுத்தும்.

அதனால்தான் பார்த்தவுடன் கேமராவைத் தூக்குகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். படம் நல்ல சாட்சி, மறுக்கவில்லை. ஆனால் பறவையின் நடையும் குரலும் ஒற்றைப் படத்தில் விழாது. முதலில் பாருங்கள், கேளுங்கள், கால் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படம் எடுங்கள்.

கோமுகிக்குக் கரண்டிமூக்கு வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். அது கடலோரச் சேற்றுப் பறவை. பொறி உள்ளானும் பச்சை உள்ளானும் வரும். அவற்றில் கண் பழகியவர்கள் அடுத்து மரக்காணம் பக்கம் கழுவெளிக்குப் போகலாம். 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த உவர்நீர்ச் சதுப்பு அது. காலையில் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும்படி நின்றுகொள்ளுங்கள். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கருப்புதான்.