குடிக்கூலி வீடுடையார் கடமை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் பேசிப் பழகிய நம்மை இன்று சட்டம் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். நாம் வழக்கறிஞர் அல்லோம். எனினும், நம்மவருள் பலர் திருநெல்வேலி நகரத்திலும் பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் இரண்டொரு வீடுகளைக் குடிக்கூலிக்கு விட்டு வாழ்கின்றனர். கணவரை இழந்த தாய்மார் சிலர்க்கு அக்கூலியே அன்றாடச் சோறு. ஆதலின், நாம் பட்டும் படித்தும் அறிந்தவற்றைக் கூறத் துணிந்தோம்.

முதற்கண் பட்டதைச் சொல்வோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையால் தாமிரபரணி கரைபுரண்டு ஊருட் புகுந்ததை இங்கு மறந்தார் எவருமிலர். ஆற்றை அடுத்திருந்த நம் சிறு வீட்டிலும் மார்பளவு நீர் நின்றது. அங்குக் குடியிருந்தவர் பாத்திரம் பண்டம் அனைத்தும் இழந்தார். மின்கம்பி கெட்டது, சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. பழுது பார்த்துத் தருமாறு அவர் வேண்டியபோது, "வெள்ளம் தெய்வச் செயல், நாம் என் செய்வோம்?" என்று கைவிரித்தோம். அவர் வீட்டைக் காலி செய்து முன்பணத்தைக் கேட்டார். மின்கம்பிக்கும் வெள்ளையடிப்புக்கும் என்று அதிற் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டோம். அவர் மறுமொழி ஒன்றும் கூறாது, மனைவி மக்களுடன் சென்றார்.

சின்னாட் கழித்து, வழக்கறிஞராகிய நம் உறவினர் ஒருவர், "எந்த விதியைக் கொண்டு பிடித்தீர்கள், அண்ணாச்சி?" என்று வினவினார். இருபதாண்டு பிள்ளைகட்கு அறம் போதித்த நமக்கு விடை கூற நா எழவில்லை. அதன் பின்னரே சட்டத்தைப் படித்தோம். படித்த மறுவாரமே அப்பணத்தை அவரைத் தேடிச் சென்று கொடுத்தோம். வாங்கிக்கொண்டாரே அன்றி, நம்மை உள்ளே வருமாறு அவர் அழைக்கவில்லை. அது நமக்குத் தகும்.

இனிப் படித்ததைச் சொல்வோம். முதியோர் பலர் இன்றும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தையே நினைவிற்கொண்டு, "குடிவைத்தால் எழுப்ப முடியாது" என்று அஞ்சுகின்றனர். அச்சட்டம் இப்பொழுது இல்லை. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நகரப் பகுதிகளில் நடைமுறையில் உள்ளது. இதன்படி, கூலி இவ்வளவு என்பதை இருவரும் கூடி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் அதனை எழுத்தில் வைத்தல் வேண்டும்.

நம்மவர் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்வது வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தல் வேண்டுமென்னும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தினின்று தப்புதற்கு எழுந்த வழக்கம் அது. புதிய சட்டமோ, காலம் சிறிதாயினும் பெரிதாயினும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுமாறு விதிக்கின்றது. அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். பதியாத ஒப்பந்தம் வழக்கிற் சான்றாக நில்லாது. பெட்டியிலுள்ள தாள் பெட்டிக்கே காவல், நமக்கன்று.

முன்பணம், வேறு உடன்பாடு இல்லாவிடின், மூன்று மாதக் கூலிக்கு மேற்படலாகாது. வீடு காலியான ஒரு மாதத்திற்குள், குடியிருந்தவர் தரவேண்டிய நிலுவையை மட்டும் கழித்து எஞ்சியதைத் திருப்புதல் வேண்டும்.

பழுது பார்ப்பதில் சட்டம் தெளிவாகப் பாகம் பிரிக்கின்றது. கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், சுவர்க்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், குழாய் மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியன வீடுடையார் பொறுப்பு. குழாய்த் திருகு, மின்விசைப் பொத்தான், பூட்டு, சன்னற் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றன குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவர் தாமே கெடுத்த கட்டடப் பழுது அவரையே சாரும். நாம் பிடித்த பணம் எத்துணைத் தவறு என்பது இப்பொழுது விளங்கும். மேலும், வெள்ளத்தால் வீட்டின் முக்கியப் பகுதி அழிந்தோ நிலையாகப் பயன்படாமலோ போயின், குடியிருப்பவர் விரும்பினால் குத்தகையை முறித்துக்கொள்ளலாம் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவிற் கூறுகின்றது.

வீடு நமதேயாயினும், குடியிருக்குங்கால் அது அவரது அகம். உள்ளே செல்ல 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தல் வேண்டும். கூலி நின்றதென்று குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்துதல் குற்றம். பூட்டைப் பூட்டிச் சாமானை வீதியில் எறிதல் அதனினும் கொடிது. இரண்டு மாத நிலுவை நின்று, அறிவிப்புக் கொடுத்த ஒரு மாதத்துள் செலுத்தாராயின், வாடகை நீதிமன்றத்தை நாடலாம். அனுமதியின்றி மேல்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தகாவழிப் பயன்படுத்தல், நமக்கே வீடு தேவைப்படுதல் ஆகியனவும் தக்க காரணங்களாம்.

நம் பக்கத்து ஒத்தி வழக்கத்தையும் குறிப்போம். பெருந்தொகை வாங்கி, கூலியின்றிக் குடிவைப்பது ஒத்தி. இது குடிக்கூலியன்று, அடமானம். நூறு ரூபாய்க்குக் குறையாத ஒத்தியைப் பதிவு செய்தல் வேண்டும். வாங்கிய பணத்தைப் பெண்ணின் திருமணத்திற்குச் செலவிட்டுவிட்டு, தவணை முடிவில் திருப்ப வகையின்றித் திகைப்பவரை நாம் அறிவோம். பணத்தைத் திருப்பும் வரை அவரை வெளியேறச் சொல்ல நமக்கு வாயில்லை. ஆதலின், திருப்பும் வழி தெரியாது ஒத்தி வைத்தலாகாது.

இறுதியாக ஒன்று. வீடு கேட்டு வருபவரிடம் கூலியையும் குடும்பத்தையும் கேட்குமுன் குலத்தைக் கேட்பவர் நம்முள் உளர். நம் மக்கள் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று, அங்கே இதே கேள்விக்கு ஆளாகி, வாயிலிலேயே திரும்பும்போது நமக்கு எத்துணை நோவு! அந்நோவைப் பிறர்க்கு நம் திண்ணையில் வைத்துத் தருதல் முறையாகுமா? நம் குலத்தின் பெருமை வாயிலை அடைப்பதில் இல்லை. வாக்கைக் காப்பதில் உளது.

ஆகவே, நம் சங்கம் ஒப்பந்தப் படிவங்களை அச்சிட்டு வைத்து, அவற்றைப் பதிவு செய்ய இயலாத முதியோர்க்கும் தாய்மார்க்கும் இளைஞர் துணைபுரிய ஏற்பாடு செய்தல் வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். கூலி வாங்குங்கால் இரசீது கொடுங்கள். முன்பணத்தைப் பிறர் பொருளாகவே எண்ணித் தனியே வையுங்கள். காலி செய்து போகின்றவர், தெருவில் நம்மைக் காணும்போது முகம் திருப்பாது வணங்கிச் செல்வாராயின், அதுவே நாம் பெற்ற கூலியுள் சிறந்த கூலி.