காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



டெங்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். கொசு, தேங்கிய நீர், தேங்காய் ஓடு, பழைய டயர் ஆகியவற்றை ஆண்டுதோறும் காலை வணக்கக் கூட்டத்தில் சொல்லிவிடுகிறோம். நான் இன்று பேசப்போவது டெங்கு வந்த குழந்தையின் இரத்தத்தில் நடப்பதைப் பற்றி. அது ஆசிரியருக்கு எதற்கு என்று கேட்கலாம். எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று முதலில் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி காய்ச்சலால் நான்கு நாள்கள் வரவில்லை. ஐந்தாம் நாள் அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். "காய்ச்சல் விட்டுருச்சு டீச்சர். ஆனா சுருண்டு படுத்தே கிடக்கா, வயிறு வலிக்குதுங்கறா" என்றார். "அதான் விட்டுருச்சே, நாளைக்குப் பரீட்சை இருக்கும்மா, அனுப்பி வைங்க" என்றேன். மறுநாள் தேர்வு அறையில் மயங்கி விழுந்தாள். கை, கால் சில்லிட்டிருந்தன. 108-ஐ அழைத்தோம். பிழைத்துக்கொண்டாள். "டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து" என்றார் மருத்துவர். அறிவியல் நடத்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

காய்ச்சல் இறங்கும்போது இரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருக்கிறது. ஆனால் அதை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு ஆற்றல் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. வெள்ளையணுக்கள் சைட்டோகைன் என்னும் வேதித் தூதுகளை ஏராளமாகச் சுரக்கின்றன. இரத்த நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா வெளியே கசிகிறது. தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரே வீட்டிலிருந்த நெல் மூட்டைகளை நனைத்துக் கெடுப்பதைப் போன்றது இது.

இதை இரத்தப் பரிசோதனைகள் காட்டுகின்றன. முதல் ஐந்து நாள்களில் என்.எஸ்.1 என்ற வைரஸ் புரதம் தெரியும். ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்து ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் தெரியத் தொடங்கும். ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் தொடக்கத்திலேயே மிகுந்திருந்தால், முன்பே ஒருமுறை டெங்கு வந்திருக்கக்கூடும். மேக்ரோபேஜ் அணுக்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படும்போது ஃபெரிட்டின் அளவும் உயர்கிறது.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள். ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு உண்டு. வேறு வகை தாக்கினால், பழைய எதிர்ப்பொருளே வைரஸ் அணுவுக்குள் நுழைய உதவிவிடலாம். 1960-களில் பாங்காக்கில் குழந்தைகளை ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் இந்தக் கருத்தை முன்வைத்தவர்களில் முதன்மையானவர். "ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது" என்று பெற்றோர் சொன்னால் நாம் திருத்த வேண்டும்.

பெற்றோர் பெரும்பாலும் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டுமே கேட்கிறார்கள். இயல்பாக அது 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். ஆனால் மருத்துவர்கள் இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் விகிதத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். பிளாஸ்மா கசிந்தால் இரத்தம் கெட்டியாகி அந்த விகிதம் ஏறும். 20 விழுக்காடு ஏறினால் கசிவு கணிசமானது என்று பொருள். கசிவு பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அந்த நேரத்தில் குழந்தை மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். என் மாணவி அப்போது தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் செய்வது மூன்று. காய்ச்சலால் வராத குழந்தையின் பெயருக்கு எதிரே, காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்துக்கொள்கிறேன். போனில் "விட்டதா?" என்பதோடு நிறுத்தாமல், வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைவு உண்டா என்று கேட்கிறேன். ஒன்று இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறேன். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும் என்றும் சொல்கிறேன்.

வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் விடுப்பு கூடினால் கூடட்டும். தேர்வை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.