புள்ளியை மறுக்கும் பெட்டிகள்



செந்தமிழ்ச்செல்வி என்னும் பெயரில் 9 எழுத்துகள் உள. தொடக்கப்பள்ளி மாணவனும் விரல்விட்டு எண்ணிச் சொல்வான். பெயருக்கு 12 எழுத்துவரை இடம் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றில் அப்பெயருடையாள் தன் பெயரை எழுதுகிறாள் என்று கொள்க. பெட்டியில் எஞ்சுவது ‘செந்தமிழ்ச்ச’ என்னும் அரைகுறை! அளவோ 12; பெயரோ 9; பின் வெட்டியது யார்?

வெட்டியது நிரல். ஒருங்குறியில் ‘செ’ என்பதற்குச் சகரக் குறியெண் ஒன்று, எகரக் குறிக்கு மற்றொன்று. ‘ந்’ என்பதும் அவ்வாறே இரண்டு. இக்கணக்கில் அப்பெயர் 17 ஆகிவிடுகிறது. குறியெண்ணை எண்ணிவிட்டு எழுத்தை எண்ணியதாகக் கருதிக்கொள்கிறது அந்நிரல்.

கைப்பேசியின் இயங்குதளமே ஆயத்தமான உள்ளீட்டுப் பெட்டியைத் தருகின்றது. அழகு கருதியோ வேறு தேவை கருதியோ அதனை ஒதுக்கிச் செயலி செய்வோர் தாமே புதுப்பெட்டி சமைக்கின்றனர். சமைக்கட்டும்; அதில் தவறில்லை. ஆனால் ‘எழுத்து மட்டுமே ஏற்கப்படும்’ என்று அதற்கொரு காவலும் வைப்போர் உளர். ஒருங்குறிப் பகுப்பிலோ புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் ‘எழுத்து’ என்னும் வகையில் இல்லை. துணைக்குறி வகையில் உள்ளன. ஆகவே, ‘எழில்’ என்று எழுதினால் ‘பிழை’ என்கிறது பெட்டி! மெய்க்குப் புள்ளி இயல்பென்று தொல்காப்பியர் வகுத்திருக்க, இக்காவலன் அதனை வாயிலிலேயே மறுக்கின்றான்.

விசைப்பலகையில் தமிழர் வழி கண்டுவிட்டனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த ‘தமிழ் 99’ அமைப்பில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளே. ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். நகரத்தையடுத்துத் தகரம் வரின் ‘ந்த’ ஆகும். இலக்கணமே விசையாயிற்று! ஆயினும், ஒரு விசைக்கு ஒரு குறியெண்ணே வரும் என்று நம்பிச் செய்த பெட்டி, புள்ளியும் மெய்யும் சேர்ந்து வரக்கண்டு தடுமாறுகிறது.

இது தீராக் குறையன்று. ஆப்பிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட சுவிப்டு நிரல்மொழி ‘தமிழ்’ என்பதை 3 என்றே எண்ணும். ‘சாவா’ நிரல்மொழியின் வழக்கமான நீளக் கணக்கோ 5 என்னும், எனினும், எழுத்தெல்லை காணும் கருவி அதனிடத்தும் உண்டு, எடுத்தாள்வார்தாம் வேண்டும்.

பெட்டி சமைக்கும் தமிழிளைஞர் முதற்சோதனையாகச் செந்தமிழ்ச்செல்வியை எழுதிப் பார்க்கட்டும். 9 என்று காட்டிய பின்னரே செயலி வெளிவரட்டும்.