வெள்ளெழுத்தும் ஒரு மூக்குக்கண்ணாடியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

இம்மேடையில் ஆண்டுதோறும் பேசியவர்கள் பெரும்பாலும் கல்லூரி கண்டவர்கள். நாமோ பத்தாம் வகுப்போடு நின்று, இரயில்வேயில் எழுத்தராகக் காலந் தள்ளி வருகிறோம். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், இருபது நிமிடத்தில் முடித்தால் போதும்" என்று செயலாளர் பெருமனத்துடன் கட்டளையிட்டார். இலக்கியம் பேச நமக்குத் தகுதியில்லை. அரசியல் பேச இது இடமன்று. ஆகவே, சென்ற புரட்டாசி மாதம் நம் கரக்பூர் கோல் பஜாரில் 120 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு பொருளைப் பற்றிப் பேசத் துணிந்தோம். அப்பொருள் இப்பொழுது நம் மூக்கின்மீது அமர்ந்திருக்கிறது. அது இல்லாவிடில் கையிலுள்ள இத்தாளை நாம் படிக்க இயலாது. நீங்களும் இருபது நிமிடம் தப்பித்திருப்பீர்கள்.

நமக்கு வயது 46. கண்ணைப் பற்றி நமக்கு எக்காலத்திலும் ஐயம் இருந்ததில்லை. நம் ஊர் நிலையத்தின் நடைமேடை 1072 மீட்டர் நீளம் என்பதும், நெடுங்காலம் அதுவே உலகில் முதலிடம் வகித்தது என்பதும் நம் குழந்தைகளுக்கும் தெரியும். 2013இல் கோரக்பூரும் 2023இல் ஹூப்ளியும் நம்மை முந்திவிட்டன, போகட்டும். அந்த நடைமேடையின் ஒரு கோடியில் நின்று மறு கோடியில் எரியும் சிக்னல் விளக்கின் நிறத்தை இன்றும் நாம் பிழையின்றிச் சொல்லுவோம். ஆனால் கையிலுள்ள பயணச் சீட்டில் எந்தத் தேதி இருக்கிறது என்று கேட்டால், சீட்டைத் தொலைவில் பிடித்து, பின்னும் தொலைவில் பிடித்து, கடைசியில் கை போதாது என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

இந்நிலையில் மனிதன் முதலில் செய்வது யாது? தன் கண்ணை ஐயுறமாட்டான். குழல் விளக்கு மங்கிவிட்டது என்பான். செய்தித்தாள்காரர்கள் மையில் சிக்கனம் பிடிக்கிறார்கள் என்பான். மாத்திரை அட்டையில் எறும்பு ஊர்வதுபோல் அச்சிட்டவனைத் திட்டுவான். இவை அனைத்தையும் நாம் ஓராண்டுக் காலம் ஒழுங்காகச் செய்தோம். அலுவலகத்தில் நம் மேசைக்கு மேலிருந்த குழல் விளக்கை இரண்டு முறை மாற்றச் செய்தோம். மின்பணியாளர் இரண்டாம் முறை ஏணியிலிருந்து இறங்கியபொழுது நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்பொழுதாவது விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது சிரித்துவிட்டுப் போகும் செய்தி. நிற்கவில்லை.

ஜார்கிராம் பக்கத்துச் சிறு நிலையம் ஒன்றில் கேங்மேனாக இருந்த ஒருவர் பணிக்காலத்திலேயே இறந்துபோனார். அவர் மனைவிக்குச் சேரவேண்டிய தொகைக்கான தாள்களை ஆயத்தம் செய்யும் பொறுப்பு நம்முடையது. அந்த அம்மையாரின் வங்கிக் கணக்கு எண்ணைச் சேமிப்புப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதினோம். 3 இருக்கவேண்டிய ஓரிடத்தில் 8 என்று எழுதிவிட்டோம். அனுப்பிய பணம் திரும்பி வந்தது. அந்த அம்மையார் பாசஞ்சர் வண்டி ஏறி மூன்று முறை வந்தார். வரும் நாளிலெல்லாம் அவருக்கு அன்றைய கூலி போயிற்று. மூன்றாம் முறை வந்தபொழுது, பக்கத்து மேசையில் கணினியில் ஏற்றும் ஒடிசா இளைஞரை அவர் எதிரிலேயே நாம் கடிந்துகொண்டோம். "ஏழை வயிற்றில் அடிக்கிறீர்களே, கவனம் வேண்டாமா?" என்று உரத்த குரலில் கேட்டோம். அவ்விளைஞர் எதிர்த்துப் பேசவில்லை. கோப்பிலிருந்து நம் கையெழுத்துத் தாளை எடுத்து நம் முன் வைத்து, "தாதா, நீங்கள் எழுதித் தந்ததைத்தான் ஏற்றினேன்" என்றார். தாளை நீட்டிப் பிடித்துப் பார்த்தோம். 8 தான். சேமிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். அதுவும் நமக்கு 8 ஆகவே தெரிந்தது! இளைஞர் அதை வாங்கி, சன்னல் ஓரம் கொண்டுபோய், ஒவ்வோர் எண்ணாகப் படித்துக் காட்டினார்.

உடனே மன்னிப்புக் கேட்டோம் என்று சொல்ல ஆசைதான். கேட்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசாமலே இருந்தோம். பிழை செய்தவன் கோபித்துக்கொள்வதும், பிழை செய்யாதவன் தேநீர் வாங்கி வந்து வைப்பதும் நம் அலுவலகத்தில் நடந்தன. மூன்றாம் நாள் எல்லோர் எதிரிலும் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். தொகை போய்ச் சேர்ந்த பிறகு அந்த அம்மையார் ஒரு சான்றுக்காக மீண்டும் வந்தபொழுது, நமக்குத் தெரிந்த வங்காளியில் நடந்ததைச் சொன்னோம். அவர் நம்மை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, வைததாகவும் இல்லை. "அடுத்த மாதப் பணம் நேராக வந்துவிடும் அல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே கோல் பஜார் சென்றோம். நகைக்கடை வரிசைக்குப் பின்னால் வங்காளப் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடிகளைப் பலகையில் அடுக்கி வைத்திருப்பார். அவர் வயதைக் கேட்டார். சொன்னோம். "சால்ஷே!" என்று சிரித்து, பொடியெழுத்து வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றைக் கையில் தந்து, ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். என்ன சொல்ல! எழுத்துகள் குளித்துவிட்டு வந்து நின்றதுபோல் நின்றன. 150 ரூபாய் என்றார். பேரம் பேசி 120க்கு வாங்கினோம். ஓராண்டாக நாம் பட்ட பாட்டிற்கும் பிறரைப் படுத்திய பாட்டிற்கும் அதுதான் விலை.

வீடு திரும்பும் வழியில் அந்தச் சால்ஷே என்னும் சொல்லே மனத்தில் சுழன்றது. வங்காளத்தில் சல்லிஷ் என்றால் நாற்பது. நாற்பதில் வருவது சால்ஷே. இந்தியிலும் சாலீஸ் என்றால் நாற்பது. தென்னாட்டில் நம் பாட்டிமார் இதைச் சாளேசுரம் என்பார்கள். இளமையில் அச்சொல்லைக் கேட்டு, ஏதோ ஒரு சிவத்தலத்தின் பெயர் என்றே எண்ணியிருந்தோம்! அதுவும் வடக்கேயிருந்து வந்த அதே நாற்பதுதான். நம் காலனியின் ஆந்திரச் சகோதரர்கள் சத்வாரம் என்கிறார்கள்; அது வடமொழி நாற்பது. ஆக, நாம் வாழும் இவ்வூரில் வழங்கும் மொழிகள் பலவும் இக்குறைக்கு வயதை வைத்தே பெயரிட்டிருக்கின்றன. தமிழில் வேறொரு பெயரும் உண்டு: வெள்ளெழுத்து. எழுத்து வெளுத்துத் தெரிவதால் வெள்ளெழுத்து. பெயரிட்டவர் யாரோ, வயதை எண்ணவில்லை. தாம் கண்டதைச் சொல்லியிருக்கிறார். மொழிப்பெருமை பேச வந்தோம் என்று எண்ணவேண்டா. பெருமையோடு ஒரு குறையும் சொல்லுவோம். வெளுத்தது எழுத்து என்கிறதே அன்றி, தளர்ந்தது கண் என்று நம் சொல் சொல்லவில்லை. குழல் விளக்கை மாற்றச் சொன்ன நம் குணம் அச்சொல்லிலேயே இருக்கிறது!

இது நோயன்று என்பதைத் தாய்மார்கள் அறியவேண்டும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை குழந்தைப் பருவத்தில் மென்மையாக இருக்கிறது. அருகிலுள்ளதைப் பார்க்கும்போது அது சற்றுப் பருத்துக்கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது விறைத்துப்போய்ப் பருக்க மறுக்கிறது. இது பணக்காரர், ஏழை, படித்தவர், படியாதவர் என்று பார்ப்பதில்லை. எழுத்தே அறியாதவருக்கும் வருவதுதான். அவர் ஊசியில் நூல் கோக்கவும் அரிசியில் கல் பொறுக்கவும் தடுமாறுவார். 2018இல் வெளியான ஓர் ஆய்வு அசாம் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. 40 வயதுக்கு மேற்பட்ட கொழுந்து பறிப்போர் 751 பேரில் ஒரு பாதியினருக்கு மட்டும் இத்தகைய கண்ணாடி கொடுத்துப் பார்த்தனர். கண்ணாடி பெற்றோர் பறித்த கொழுந்தின் அளவு, பெறாதாரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாயிற்று. கொழுந்து பறிக்கக் கண்ணாடியா என்று நாமும் முதலில் வியந்தோம். ஒரு சொல் இடையில்: பலகைக் கடையில் வாங்கிவிட்டோம் என்று நில்லாமல், பின்னர்க் கண் மருத்துவரிடமும் காட்டினோம். கண்ணின் அழுத்த நோயும் சர்க்கரையால் வரும் கேடும் ஓசையின்றி வருபவை; அவை பலகைக்காரரின் பஞ்சாங்கத்தில் அகப்படமாட்டா.

நிற்க. நாம் பேச வந்தது இவ்வளவும் அன்று. இதுவரை வீட்டிலும் சொல்லாத ஒன்றைச் சொல்லவே இத்தலைப்பை எடுத்தோம்.

நம் தந்தையார் இங்கே தொழிற்சாலையில் ஃபிட்டர். வட ஆற்காட்டுச் சிற்றூரிலிருந்து வந்தவர். ஊரிலிருந்து அத்தை இன்லண்டு கடிதம் எழுதுவார். அதை அப்பா நம்மிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுவார். அவருக்குத் தமிழ் நன்றாகவே படிக்கத் தெரியும். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நாம் தமிழ் கற்ற காலம் அது. மகன் படிக்கக் கேட்பதில் அவருக்கொரு மகிழ்ச்சி என்று நாம் எண்ணியிருந்தோம். அது பாதி உண்மை. மறு பாதி நமக்கு இப்பொழுதுதான் தெரியும். அப்பொழுது அவருக்கு வயது 44.

1991ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நமக்கு 12 வயது. வெளியே தோழர்கள் கிரிக்கெட் மட்டையோடு காத்திருந்தார்கள். அப்பா கடிதத்தை நீட்டினார். நலம், நலமறிய ஆவல், மழை, கடலைக்காய் விலை என்று வேகமாகப் படித்தோம். இன்லண்டுக் கடிதத்தில் இடம் போதாமல் மடிப்பு ஓரத்தில் நெருக்கி எழுதும் வழக்கம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அத்தை அதில் நாலைந்து வரி எழுதியிருந்தார். திருப்பிப் பிடித்துப் படிக்கவேண்டும். "அவ்வளவுதானா?" என்று அப்பா கேட்டார். "அவ்வளவுதான்" என்று சொல்லி ஓடிவிட்டோம். அவர் அதை வாங்கி, நீட்டிப் பிடித்துச் சற்றுப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த கம்பியில் குத்தி வைத்தார்.

பொங்கலுக்கு அவர் ஊர் சென்றார். பாட்டி படுத்த படுக்கையாக இருந்தார். வந்தது மகன் என்பதை அறியும் நிலையில் இல்லை. மாசியில் காலமானார். "ஐப்பசியிலேயே எழுதினேனே, அப்பொழுது நினைவோடு உன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தது" என்று அத்தை அழுதாராம். இதை அம்மா பிற்காலத்தில் நமக்குச் சொன்னார். அப்பா ஊரிலிருந்து திரும்பியதும் நம்மை ஒரு சொல் சொல்லவில்லை. மறு சம்பளத்தில் கோல் பஜார் சென்று ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி வந்தார். அதன் பிறகு கடிதங்களைத் தாமே படித்துக்கொண்டார். நமக்கு அப்பொழுது வருத்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை ஒழிந்தது என்ற நிம்மதியே இருந்தது. 1999இல் பணியிலிருக்கும்போதே அவர் மறைந்தார். அந்த வாரிசு முறையில்தான் நமக்கு இவ்வேலை கிடைத்தது.

அந்த ஒடிசா இளைஞரை நாம் சொன்ன சொல்லும், அப்பா நம்மைச் சொல்லாத சொல்லும், கண்ணாடி வாங்கிய அன்றிரவு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தூக்கம் வரவில்லை. பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். கம்பியோடு கடிதக் கட்டு அப்படியே இருந்தது. மகள் விழித்துக்கொண்டு, "என்ன தேடுகிறீர்கள் அப்பா? கொடுங்கள், நான் படிக்கிறேன்" என்றாள். "வேண்டாம் அம்மா" என்றோம்.

ஐப்பசிக் கடிதம் அகப்பட்டது. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடிப்பைத் திருப்பிப் பிடித்தோம். 34 ஆண்டுகளாக அங்கேயே இருந்த எழுத்து. மை சிறிது பழுப்பேறியிருந்ததே ஒழிய, ஓரெழுத்தும் அழியவில்லை. "தம்பி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. உன்னையே கேட்கிறது. லீவு கிடைத்தால் ஒரு நடை வந்து போ. மருமகப்பிள்ளை நிறுத்தி அழகாகப் படிக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அம்மாவிடம் சொன்னேன், சிரித்தது" என்று இருந்தது.

அடுத்து நாடகம். வேடமிட்ட குழந்தைகள் திரைக்குப் பின்னால் பொறுமையிழந்து நிற்பது இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது. தொலைவுப் பார்வையில் நமக்கு இன்றும் குறையில்லை.